பாசி பிடித்த ஈரப் புல்தரையைச் சரிசெய்வது எப்படி?

புல்தரையில் பாசி படர்ந்தால் பெரும்பாலானோர் முதலில் தேடுவது பாசிக்கொல்லி மருந்தைத்தான். தெளித்தால் பாசி கருகும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் அடுத்த ஈரக்காலத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்து நிற்கும். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, அது புல்லைக் கொல்வதும் இல்லை. ஈரத்தாலோ நிழலாலோ மண் இறுகியதாலோ புல் நொடிந்துபோன இடத்தில் குடியேறுகிறது, அவ்வளவுதான். எனவே முதலில் தண்ணீரைக் கவனிப்போம். பாசியை வாருவது அப்புறம்.

படி 1: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் புல்தரையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தண்ணீர் தேங்கும் இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அரைநாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். எது வடிந்தது, எது அப்படியே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்படியே தண்ணீர் வரும் வழியையும் தேடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் புல்லில் கொட்டுகிறதா? ஏசி தண்ணீர் ஒரே மூலையில் சொட்டுகிறதா? சிமெண்ட் தளம் புல்தரைப் பக்கம் சாய்ந்திருக்கிறதா? தோட்டக் குழாய் எங்காவது கசிகிறதா? இவற்றில் ஒன்றைத் திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதுண்டு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மேல்மண் எப்போதும் நனைந்தே இருப்பது பாசிக்குத்தான் வசதி. புல்லுக்கு இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி, காலையில் விட்டால் போதும்.

படி 2: ஒரு குழி தோண்டுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குத் தாவ வேண்டாம். எந்த வேலை தேவை, எது தேவையில்லை என்பதை இந்தக் குழிதான் சொல்லும்.

தண்ணீர் தேங்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழமும் அதே அகலமும் கொண்ட குழியை வெட்டுங்கள். முதலில் அதன் பக்கச்சுவரைப் பாருங்கள். மேலே ஒரு சாண் நல்ல மண், கீழே செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும் என்று இருந்தால், வீடு கட்டியபோது மிஞ்சியதைப் பரப்பி மேலே மண் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று பொருள். மண் சாம்பல் நிறமாகவும் கெட்ட வாடையோடும் இருந்தால் அங்கே நெடுநாளாகக் காற்றே போகவில்லை. ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாபோலப் பிதுக்கிப் பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் அறுந்துவிழாமல் நீண்டால் அது கடுங்களிமண்.

பிறகு குழியில் தண்ணீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். இரண்டாம் முறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் அடிமண்ணில் பெரிய கோளாறு இல்லை, மேற்பரப்புதான் இறுகியிருக்கிறது. 1 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் களிமண்ணோ, இறுகிய அடுக்கோ தடுக்கிறது. நீங்கள் ஊற்றாமலேயே குழியில் தண்ணீர் ஊறி வந்தால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. அந்த இடத்தில் மேலே துளை போட்டுப் பயனில்லை.

படி 3: பாசியை அகற்றுங்கள்

புல் நன்றாக வளரும் பருவத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். புல் உறங்கும் காலத்தில் வாரினால் மொட்டைத் தரைதான் மிஞ்சும்.

கொஞ்சமாகப் பாசி என்றால் கம்பிப் பற்கள் உள்ள வாரியால் இழுத்தாலே வந்துவிடும். நிறைய இருந்தால் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கரைத்துத் தெளிக்கலாம். அளவு பொட்டலத்தில் உள்ளபடியே இருக்கட்டும், கூடினால் புல்லும் கருகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தெளித்த ஈரம் காயும்வரை குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அங்கே விட வேண்டாம். சிமெண்டிலோ டைல்ஸிலோ பட்டால் துருக்கறை ஏறும், அது லேசில் போகாது. சில நாளில் பாசி கறுத்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் வாரி எடுங்கள். புல்லுக்கு அடியில் சேர்ந்திருக்கும் காய்ந்த சக்கையும் கூடவே வரட்டும்; அது 1 செ.மீ.க்கு மேல் தடித்தால் தண்ணீர் இறங்குவதைத் தடுக்கும்.

சுண்ணாம்பு போட்டால் பாசி போகும் என்று சொல்பவர்கள் உண்டு. மண்ணின் அமிலத்தன்மையைச் சோதிக்காமல் போடாதீர்கள். அமிலம் இல்லாத மண்ணிலும் பாசி தாராளமாக வளரும். ஜிப்சமும் அப்படித்தான்: சோடியம் மிகுந்த களர் மண்ணில்தான் அது வேலை செய்யும், சாதாரணக் களிமண்ணில் செலவுதான் மிச்சம்.

படி 4: துளையிடுங்கள்

மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். சேற்றில் மிதித்தால் நீங்களே அதை இன்னும் இறுக்குகிறீர்கள்.

மண்ணை உருளையாக வெட்டி வெளியே எடுக்கும் குழல் பல் கருவிதான் சிறந்தது. வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில், சுமார் 10 செ.மீ. இடைவெளியில் துளைகள் வேண்டும். களிமண்ணில் வெறும் ஆணி குத்தினால் துளையின் சுவர் இன்னும் இறுகும். ஆணி வைத்த காலணி மாட்டிக்கொண்டு நடப்பதெல்லாம் உடற்பயிற்சிக்கு நல்லது, புல்லுக்கு அல்ல. சிறிய இடம் என்றால் தோட்ட முள்கரண்டியை 10–15 செ.மீ. இறக்கி லேசாக முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கலாம். இடுப்பு வலிக்கும், பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

படி 5: துளைகளை நிரப்புங்கள்

பருமணலும் நன்கு மக்கிய கம்போஸ்டும் கலந்து தூவி, துளைகளுக்குள் விழும்படி துடைப்பத்தால் தள்ளுங்கள். மேலே தங்கும் அடுக்கு 1 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, புல் நுனி வெளியே தெரிய வேண்டும். பூச்சு வேலைக்கான நைஸ் மணல் வேண்டாம். கடல் மணலைத் தொடவே கூடாது, உப்பு. களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொத்திக் கலந்துவிட்டால் சரியாகும் என்று நினைப்பதும் தவறு. அந்தக் கலவை காய்ந்தால் கல்லாக இறுகும்.

காலியான இடங்களில் விதை தூவுங்கள், அல்லது உங்கள் புல் கொடியாகப் படரும் வகை என்றால் துண்டுகளை நடுங்கள். வேர் பிடிக்கும்வரை மிதிக்க வேண்டாம்.

படி 6: வடிகால், தேவைப்பட்டால் மட்டும்

குழிச் சோதனையில் தண்ணீர் இறங்காமல் நின்ற இடத்துக்குத்தான் இது. தோண்டும் முன் மின்கம்பி, குழாய் எதுவும் அடியில் போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எடுக்கும் தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நிலம் அதற்கான இடமில்லை. களிமண்ணில் ஒரு பள்ளம் வெட்டிச் சல்லி நிரப்பினாலும் ஆகாது, அது தொட்டியாக நிரம்பி நிற்கும்.

30 முதல் 45 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுங்கள். சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், ரசமட்டம் அல்லது ட்யூப் லெவல் வைத்துப் பாருங்கள். உள்ளே வடிகட்டித் துணி விரித்து, கொஞ்சம் சல்லி, அதன்மேல் துளையிட்ட குழாய், துளைகள் கீழ்நோக்கி. மறுபடி சல்லி நிரப்பித் துணியை மடித்து மூடி, மேலே மண் போட்டுப் புல் பதியுங்கள். துணி இல்லாவிட்டால் மண் புகுந்து குழாய் அடைத்துவிடும்.

இனி புல் வெட்டும்போது ஒரே முறையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். நிழலான பகுதியில் இன்னும் கொஞ்சம் உயரமாகவே விடுங்கள். மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்து வெளிச்சம் கொடுத்தும் அங்கே புல் வரவில்லையா? அந்த மூலையைப் பெரணிக்கோ நிழல் தாங்கும் வேறு செடிக்கோ கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தில் புல்லை வளருங்கள்.