குன்னூர் பழக்கண்காட்சிக்கு மலை ரயிலில் போக நினைப்பவர்களுக்கு

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஊட்டிக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். மே மாதக் கடைசியில் போவதாக இருந்தால் பேசாமல் குன்னூரில் இறங்கிவிடுங்கள். நீராவி இன்ஜினும் பல்சக்கரத் தண்டவாளமும் அந்த ஊரோடு சரி, அதற்கு மேல் டீசல்தான். பழக்கண்காட்சி நடக்கும் சிம்ஸ் பூங்காவும் அங்கேதான் இருக்கிறது.

டிக்கெட்தான் பெரிய தலைவலி. முன்பதிவு 60 நாளுக்கு முன்னாலேயே திறந்துவிடும், கண்காட்சித் தேதி பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வெளியாகும். தேதி வரட்டும் என்று காத்திருந்தால் சீட் கிடைக்காது. வழக்கமாக மே கடைசி வாரத்தை ஒட்டிய வார இறுதியில் நடத்துகிறார்கள், 2024, 2025-ல் வெள்ளியன்றே தொடங்கியது, அதைக் கணக்கு வைத்து வெள்ளிக்கிழமைக்குப் போட்டுவிடுங்கள், கூட்டமும் சனி ஞாயிறைவிடக் குறைவு. இறங்கும் பயணத்துக்கும் அப்போதே எடுத்துவிட வேண்டும். முன்பதிவில்லாத டிக்கெட் கொஞ்சம் கவுன்டரில் தருவார்கள், ஆனால் கோடையில் அதை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பாதீர்கள்.

ரயில் காலை 7:10-க்குக் கிளம்புகிறது. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி, விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், அப்படியே நடைமேடை மாறி ஏறலாம். பெட்டியில் கழிப்பறை கிடையாது, குழந்தைகளை ஸ்டேஷனிலேயே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். பெரிய சூட்கேஸும் வேண்டாம், வைக்க இடமில்லை.

கல்லாறு தாண்டியதும் ஆட்டம் ஆரம்பம். அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம் என்பதால் இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் முன்பக்கம் மறைக்க எதுவுமில்லை, முதல் வகுப்புப் பெட்டி அங்கேதான், காசு இருந்தால் அதை எடுங்கள். பெட்டிகளின் முன்மேடையில் பிரேக்மேன்கள் கையில் கொடியோடு நிற்பார்கள், முன்னால் நிற்பவர் கொடி காட்ட ஒவ்வொருவராக அதைப் பின்னால் கடத்திவிடுவதைக் கவனியுங்கள், பின்னாலிருக்கும் டிரைவருக்கு அவர்கள்தான் கண். வேகமோ மணிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம்தான், பொறுமை இல்லாதவர்கள் பஸ்ஸில் போகலாம்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும். எல்லாரும் இறங்கி டீ வாங்குவார்கள், இன்ஜின் பக்கம் போய்ப் பார்க்கவும் இதுதான் நேரம். கையில் பஜ்ஜியோடு போகாதீர்கள், குரங்குகள் உங்களுக்காகவே காத்திருக்கின்றன!

பத்தரை வாக்கில் குன்னூர். சிம்ஸ் பூங்கா மேல் குன்னூரில், பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் பக்கத்தில் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து நல்ல ஏற்றம், ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்துவிடுங்கள். நுழைந்ததும் திராட்சையையும் ஆரஞ்சையும் அடுக்கிச் செய்த பிரம்மாண்ட உருவங்கள் நிற்கும், கூட்டம் முழுக்க அங்கேதான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். எனக்கென்னவோ அதைவிட உள்ளே தோட்டக்கலைத் துறை வைக்கும் அரங்குகள்தான் பிடிக்கும், கடையில் கண்ணில் படாத பழ ரகங்களை அங்கே பார்க்கலாம். வரும் வழியில் கடந்து வந்த கல்லாறிலும், சாலைவழியில் இருக்கும் பர்லியாறிலும் அரசுப் பழப்பண்ணைகள் உண்டு, மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் எல்லாம் அங்கே விளைகின்றன. அரங்கில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்த மரம் எந்த உயரத்தில் காய்க்கும் என்று விவரமாகச் சொல்வார்கள். பூங்காவே 1874-ல் அமைத்தது, மரங்களைப் பார்க்கவும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். மத்தியானத்துக்கு மேல் மழை வரலாம், குடை இருக்கட்டும்.

சொந்தக் கார், வாடகைக் காரில் வருபவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், ரயிலில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இறங்கும் ரயில் ஊட்டியில் 2 மணிக்குக் கிளம்பி மூன்றேகால் வாக்கில் குன்னூர் வரும். மூன்று மணிக்கே ஸ்டேஷனில் இருங்கள், விழா நாளில் மேல் குன்னூர் பெட்போர்டு பக்கம் டிராபிக் நகராது. ஐந்தரை சுமாருக்கு மேட்டுப்பாளையம், ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸுக்கு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம்.