திரும்பும் நாளைக் கடைசியில் யோசிக்காதீர்கள்

கூட்டாளிகளோடு தீவுக்குப் போவதென்றால் வாட்ஸ்அப் குழுவில் வாரக்கணக்கில் பேச்சு ஓடும். எந்தக் கடற்கரை, எந்த ரிசார்ட், யாருக்கு எந்த அறை என்று எல்லாம் முடிவாகும். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ‘ஞாயிற்றுக்கிழமை கடைசிப் படகைப் பிடித்து வந்துவிடலாம்’ என்று ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் கட்டைவிரல் போடுவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. போகிற வழியில் இரண்டு மணி நேரம் தாமதமானால் கடற்கரையில் இரண்டு மணி நேரம் குறையும், அவ்வளவுதான். வருகிற வழியில் அதே தாமதம் விமானத்தையோ திங்கட்கிழமை வேலையையோ கொண்டுபோய்விடும். அதனால் திரும்பும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் ரிசார்ட்டைத் தேடுங்கள் என்பேன்.

மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள தியோமான் தீவையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து சிங்கப்பூரில் உள்ள வீட்டுக்கு வந்து சேர ஒரு படகு, அது கரைசேரும் மெர்சிங்கிலிருந்து எல்லை நகரமான ஜோகூர் பாருவுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் போலச் சாலை, இரண்டு நாடுகளின் குடிநுழைவு, கடைசியாக உள்ளூர் பஸ்ஸோ டாக்சியோ. ஒன்று பிந்தினால் அதன் பின்னால் உள்ளதெல்லாம் பிந்தும். மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் அங்கே பெரிய படகுகளுக்கு ஆழம் போதாது. அதனால் படகு நேரம் நாளுக்கு நாள் மாறும். போன மாதம் போய்வந்தவர் சொன்ன நேரத்தை நம்பி பஸ் டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். உங்கள் தேதிக்கான அட்டவணை வந்த பிறகு வாங்குங்கள். சாலாங், ஏர் பாத்தாங், தெக்கெக், பாயா, கெந்திங் என்று ஒவ்வொரு கிராமத்துப் படகுத்துறையிலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வரும் படகு அது. உங்கள் துறைக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தங்குமிடத்தில் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பருவக்காற்றையும் மறந்துவிடுகிறோம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் அடிக்கும். படகுச் சேவை குறையும், சில நாள் நின்றே போகும், பல தங்குமிடங்களும் மூடிவிடும். நம் பிள்ளைகளின் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை சரியாக அந்த நேரத்தில்தான் வருகிறது. தீவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது இப்படித்தான். டிசம்பரில் கடல் வேண்டுமென்றால் மலேசியாவின் மேற்குக் கரைப் பக்கம் பாருங்கள். லங்காவி அப்போது நன்றாகவே இருக்கும்.

விமானத்தில் போகும் தீவுகளுக்கு வேறொரு கணக்கு. இந்தோனேசியாவின் கீலி தீவுகளிலிருந்து காலையில் விரைவுப் படகு ஏறி, பாலியில் இறங்கி, மாலையில் சிங்கப்பூர் விமானம் என்று போடும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். வழியில் உள்ள லொம்போக் நீரிணையில் அலை எழும்பினால் படகு புறப்படாது. மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகலில் மழை வந்து தாமதமானால் அன்றைக்கு வேறு வழி தேட வேண்டியதுதான். படகு டிக்கெட்டையும் விமான டிக்கெட்டையும் தனித்தனியே வாங்கியிருந்தால், படகு பிந்தியதற்கு விமான நிறுவனம் பொறுப்பேற்காது. பெரிய நிலத்தில், விமான நிலையத்துக்கு அருகில், கடைசி இரவைக் கழிப்பதுதான் பாதுகாப்பு. ‘ஒரு நாள் கடற்கரை வீணாகிறதே’ என்று குழுவில் யாராவது முனகுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டத்தோடு விமானத்தைத் தவறவிட்டு ஆளுக்கொரு புது டிக்கெட் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால், அந்த ஓர் இரவின் அறை வாடகை ஒன்றுமே இல்லை.

பக்கத்து இந்தோனேசியத் தீவுகளான பிந்தான், பாத்தாம் போகிறவர்கள் கடிகாரத்தில் ஏமாறுகிறார்கள். அங்கே நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும் டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது அந்த ஊர் நேரம். சிங்கப்பூருக்கு எதிரே இருக்கும் கடற்கரைகளில் கைப்பேசி சில சமயம் நம் பக்கத்து அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூர் நேரத்தைக் காட்டும். குழுவில் நாலு பேர் கைப்பேசியில் இரண்டு விதமான நேரம் இருந்தால் சண்டைதான். ரிசார்ட் வரவேற்பு மேசைக் கடிகாரத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

ஓட்டுபவர் யார்?

காரில் மெர்சிங் வரை போய் அங்கே நிறுத்திவிட்டுப் படகு ஏறுகிறவர்கள் பலர். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. திரும்பும் நாளில் ஓட்டப்போகிறவர் முந்தின இரவு சீக்கிரம் தூங்க வேண்டும், குடிக்கக் கூடாது. படகில் குமட்டலுக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும். மற்றவர்கள் படகு ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். ஓட்டுபவர் மட்டும் அந்த மாத்திரையைத் தவிர்த்து, படகின் நடுவிலோ பின்பக்கத்திலோ உட்கார்ந்து, தூரத்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும்.

மெர்சிங்கிலிருந்து கோத்தா திங்கி வழியாக வரும் சாலை பல இடங்களில் காட்டையும் செம்பனைத் தோட்டங்களையும் ஒட்டிப் போகிறது. இருட்டில் யானைகளும் தாப்பிர் என்னும் காட்டு விலங்குகளும் குறுக்கே வரும் சாலை அது. கடைசிப் படகில் வந்தால் அந்த வழியை இரவில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். காலைப் படகு ஏறினால் வெளிச்சம் இருக்கும்போதே ஜோகூர் பாருவைத் தொட்டுவிடலாம். ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆளை முன்கூட்டியே பேசி வையுங்கள். வாடகைக் கார் என்றால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காப்புறுதி கைகொடுக்காது. முன் இருக்கையில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக்கொடுப்பது அன்றைய நாளின் கடமை.

உட்லண்ட்ஸும் துவாஸும்

ஞாயிறு மாலையில் ஜோகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் காஸ்வேயில் சிக்குவதைத் தவிர்க்க முடியாத விதி போல ஏற்றுக்கொள்கிறோம். அப்படி ஏற்க வேண்டியதில்லை. நீண்ட வாரயிறுதிகளிலும் பள்ளி விடுமுறை முடிவிலும் காரில் வருகிறவர்கள் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம் என்று குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமே எச்சரித்திருக்கிறது. சனிக்கிழமை இரவோ ஞாயிறு அதிகாலையோ கடந்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஜோகூர் பாரு சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு வரும் தெப்ராவ் ரயில் ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடும். ஆனால் அந்த டிக்கெட்டுகள் விடுமுறை நாட்களுக்கு வெகு முன்பே தீர்ந்துபோகும். நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வருவது நடக்காத காரியம்.

2024 மார்ச் 19 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் ஆகிய இரண்டு தரைவழிச் சாவடிகளிலும் காரில் வருகிறவர்கள் கடப்பிதழை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம். ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் பத்துப் பேர் வரை ஒரே குறியீட்டில் சேர்த்துக்கொள்ள முடியும். வரிசையில் நின்றுகொண்டு ‘உன் கடப்பிதழ் எங்கே’ என்று பின் இருக்கையில் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. முதல் நாளே ஒருவர் எல்லாருடைய விவரத்தையும் சேர்த்து வைக்கட்டும். கடப்பிதழும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், மலேசியப் பக்கத்தில் அது தேவைப்படலாம்.

சிங்கப்பூருக்குள் வருமுன் இணையத்தில் நிரப்பும் மின்னிலக்க வருகை அட்டையில் குழம்பாதவர்கள் குறைவு. குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி உள்ளவர்கள் தரைவழியாக வந்தால் அது வேண்டாம். அவர்களே பிந்தானிலிருந்து படகிலோ, எங்கிருந்தாவது விமானத்திலோ வந்தால் நிரப்ப வேண்டும். ஊரிலிருந்து வந்து உங்களோடு சேர்ந்துகொண்ட தம்பியோ அண்ணியோ எந்த வழியில் வந்தாலும் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையத்தளம் என்றால் அது போலி.

கோச் பஸ்ஸில் வருகிறவர்கள் சாவடியில் பெட்டி படுக்கை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். பஸ்ஸின் பதிவு எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது அதிக நேரம் காத்திருக்காது. தமிழர் கூட்டத்தில் ஒருவர் குடிமகன், ஒருவர் நிரந்தரவாசி, இன்னொருவர் இந்தியக் கடப்பிதழோடு வேலை அனுமதியில் இருப்பவர் என்று கலந்தே இருப்போம். வரிசைகள் வேறு, வேகமும் வேறு. தானியங்கித் தடத்தில் முதலில் வெளியே வந்தவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டால், பின்னால் நிற்பவர் மனதில் அது வெகுநாள் தங்கும். எங்கே காத்திருப்பது என்று முன்பே பேசிக்கொண்டு, எல்லாரும் வந்தபின் நகருங்கள்.

முக்குளித்தவர்கள்

கடைசி நாள் காலையில் இன்னொரு முறை ஆழ்கடல் முக்குளிப்புக்குப் போய்விட்டு மாலையில் விமானம் ஏறுவது ஆபத்தான தவறு. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்குகிறது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்றது. அழுத்தம் குறையும்போது அந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிவந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். ஒரே ஒரு முறை முக்குளித்தவர் 12 மணி நேரமாவது, பல முறையோ பல நாட்களோ முக்குளித்தவர் 18 மணி நேரமாவது பறக்கக் கூடாது என்பது முக்குளிப்பு மருத்துவத்தின் பரிந்துரை. 24 மணி நேரம் விட்டுவிடுவது நல்லது. முகமூடியும் காற்றுக்குழாயும் அணிந்து மேல்மட்டத்தில் நீந்தியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. வீடு வந்தபின் தோளிலோ முட்டியிலோ வலி, கை கால் மரத்துப்போதல் என்றால் பெட்டி தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். முக்குளித்ததைச் சொல்லி உடனே மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

பையில் என்ன இருக்கிறது

தியோமான் தீர்வையில்லாத் தீவு. தெக்கெக்கில் மலிவாக மது வாங்கிக் கொண்டுவருகிறார்கள். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூரில் மதுவுக்குத் தீர்வைச் சலுகையே கிடையாது. ஒரு போத்தலாக இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் சலுகை இல்லை. மின்சிகரெட்டைக் கொண்டுவரவே கூடாது. அக்கரையில் யாராவது வாங்கிப் புகைத்துவிட்டு மற்றவர் பையில் செருகியிருந்தால், பை யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மற்றப் பொருட்களுக்கு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரையும், அதற்குக் குறைவாக இருந்தவருக்கு 100 வெள்ளி வரையும் பொருள் சேவை வரி இல்லை. சனிக்கிழமை காலை போய் ஞாயிறு இரவு வருகிறவர் இரண்டாவது கணக்கில் வருவார். வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

கரையில் கிடந்த பவளத் துண்டை ஆசையாகப் பையில் போடாதீர்கள். தியோமானைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. கல் பவளங்கள் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டிலும் உள்ளவை. விமானத்தில் வருகிறவர்கள் பவர்பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் அதைப் பறக்கும்போது பயன்படுத்தவும் தடை. கடப்பிதழ்களை நீர்புகாத பையில் வையுங்கள், படகுத்துறையில் ஓர் அலை தெறித்தால் போதும்.

சாங்கி விமான நிலையத்தில் நள்ளிரவுக்குப் பிறகு இறங்கினால் எம்ஆர்டி ரயில் இருக்காது, டாக்சிக்கு மீட்டர் கட்டணத்தில் பாதி கூடுதலாகச் சேரும். பொதுச் செலவுக் கணக்கைப் படகிலேயே முடித்து, கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து யார் எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்பது இரு பக்கமும் சங்கடம்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் படகுக் களைப்பு, வெயில் என்று ஒதுக்காதீர்கள். டெங்கி கொசு கடித்து நாலிலிருந்து பத்து நாள் கழித்துதான் காய்ச்சலாகத் தெரியும். மருத்துவரிடம் எந்தத் தீவு, எந்தத் தேதி என்று நீங்களாகவே சொல்லுங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும். அப்படியே குழுவிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். ஒரே அறையில் படுத்தவர்களைக் கடித்ததும் அதே கொசுவாக இருக்கலாம், அவர்களும் உடம்பைக் கவனித்துக்கொள்வார்கள்.