சமதரைதானே என்று கிளம்பாதீர்கள்: பிரான்ஸின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரை சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸில் சைக்கிளில் சுற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, மலை ஏற வேண்டியிருக்குமா என்பதைத்தான். லுவார் ஆற்றங்கரையும் கனால் து மிதி கால்வாய்க்கரையும் சமதரை என்று தெரிந்ததும் பாதிக் கவலை போய்விடுகிறது; ஆயத்தமும் அதோடு பாதியாகிவிடுகிறது. இந்தப் பாதைகளில் அவதிப்படுபவர்களில் பெரும்பாலானோர் அப்படிக் கிளம்பியவர்கள்தான். மேடு இல்லைதான். பாதையின் தரம், எதிர்க்காற்று, பூட்டிய கடை, வெயில் ஆகிய நான்கும் இருக்கின்றன.

பாதையிலிருந்தே தொடங்குவோம். கால்வாயோரப் பாதை என்பது படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகள் நடப்பதற்காகப் போட்டது. பிற்காலத்தில் சைக்கிளுக்காகச் சில மாவட்டங்கள் தார் போட்டன, சில போடவில்லை. துலூஸ் நகரிலிருந்து மேற்கே காஸ்தே-ஆன்-தோர்த் வரை போகும் கரோன் கால்வாயின் கரை, 193 கிலோமீட்டரில் பெரும்பகுதி வழவழப்பான தார். குழந்தைகளோடு போகலாம். அதே துலூஸிலிருந்து கிழக்கே கனால் து மிதியைப் பிடித்தால் ஐம்பது கிலோமீட்டர் போல நல்ல தார்ச்சாலை, மாவட்ட எல்லை தாண்டியதும் மண்ணும் சரளையும். சமீப ஆண்டுகளில் சில பகுதிகளைச் சீரமைத்திருக்கிறார்கள். ஆனாலும் பெசியே பக்கம் போகப்போக ஒற்றையடித் தடமும், தரையைப் பிளந்து புடைத்த வேர்களும் வந்துவிடும். முதல் நாள் தாரில் எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே கணக்கில் மற்ற நாள்களின் விடுதிகளைப் பதிவு செய்வதுதான் இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. வேர் நிறைந்த தடத்தில் அந்த வேகம் பாதியாகிவிடும். மழை பெய்தால் சேறு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும்.

ஆகவே மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் கைக்கும் இடுப்புக்கும் நல்லது. இரண்டு டியூப், ஒட்டும் சாமான், பம்ப் ஆகியவை எப்போதும் பையில் இருக்கட்டும். சைக்கிள் கடைகள் பெரும்பாலும் நகரங்களில்தான்; அவற்றிலும் பல திங்கட்கிழமை திறப்பதில்லை.

கனால் து மிதி பற்றிப் பேசும்போது நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பியேர்-போல் ரிக்கே முன்நின்று 1666-இல் தொடங்கி 1681-இல் முடிந்த அந்தக் கால்வாயின் படம் என்றாலே இருபுறமும் குடை பிடிக்கும் பிளேன் மரங்கள்தான் நினைவுக்கு வரும். 1996-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது மரங்கள் அப்படித்தான் நின்றன. 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கால்வாய்க்கரையில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் பிடித்த மரத்துக்கு மருந்தில்லை, வெட்டி எரிக்கத்தான் வேண்டும். சுமார் 42,000 பிளேன் மரங்களில் பல்லாயிரம் போய்விட்டன. வேறு வகைக் கன்றுகள் நட்டு வருகிறார்கள். அவை நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். பழைய படத்தை நம்பி ஜூலை, ஆகஸ்ட் நடுப்பகலில் அங்கே போனால் மொட்டை வெயில்தான். நம்மூர் வெயில் பார்த்தவர்களுக்கு இதென்ன பெரிது என்று தோன்றும். ஆனால் நிறுத்தி இளநீர் குடிக்கப் பத்தடிக்கு ஒரு கடை அங்கே இல்லை. என்னைக் கேட்டால் மே, ஜூன் அல்லது செப்டம்பர்.

அடுத்தது காற்று. லுவார் பாதையில் பலர் கிழக்கே நெவேர் பக்கம் தொடங்கிக் கடலை நோக்கி மேற்கே ஓட்டுகிறார்கள், ஆற்றோடு போனால் இறக்கம் என்ற நம்பிக்கையில். நெவேர் கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர்கூட உயரமில்லை. அதைப் பல நூறு கிலோமீட்டருக்குப் பகிர்ந்தால் கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டர்தான் இறக்கம், மிதிக்கும் காலுக்கு அது தெரியவே தெரியாது. மேற்கிலிருந்து வீசும் அட்லாண்டிக் காற்றோ நன்றாகத் தெரியும். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய உயர்ந்த கரைமேல் பாதை போகும் இடங்களில் ஒதுங்க ஒரு புதர்கூட இராது. தெற்கே கார்க்கசோன் பக்கம் சேர் என்ற காற்று மேற்கு, வடமேற்கிலிருந்து அடிக்கும். துலூஸிலிருந்து கிழக்கே மத்தியதரைக் கடலுக்குப் போகிறவர்களை அது முதுகில் தள்ளும், எதிர்த்திசையில் வருகிறவர்களைப் பிழிந்தெடுக்கும். தென்கிழக்கிலிருந்து ஒத்தான் காற்று கிளம்பும் நாள்களில் கதை தலைகீழ். ரோன் ஆற்றோரம் மிஸ்ட்ரால் வடக்கிலிருந்து வரும், எனவே அங்கே தெற்கு நோக்கி ஓட்டுவதே புத்தி. திசையை முடிவு செய்யும்போது ஆறு எங்கே பாய்கிறது என்பதைவிடக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எல்லாக் கால்வாயும் சமதரையும் இல்லை. பர்கண்டி கால்வாய் 378 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்குகிறது. 242 கிலோமீட்டரில் 189 நீர்ப்பூட்டுகள், அதாவது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள். ஒவ்வொரு நீர்ப்பூட்டும் சைக்கிளுக்கு ஒரு சிறு ஏற்றம் அல்லது இறக்கம். உச்சியில் பூய்யி-ஆன்-ஓசுவா அருகே கால்வாய் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளே கரைப்பாதை கிடையாது, நாம் மேலே தரைவழியாகப் போக வேண்டும். வடமேற்குப் பிரான்ஸின் பிரித்தானி (Brittany) வட்டாரத்தில் நாந்த்–பிரெஸ்ட் கால்வாயும் அப்படித்தான்: கெர்லெதான் அணை நீர்ப்பூட்டுகளையும் கரைப்பாதையையும் சேர்த்து மூழ்கடித்துவிட்டது. ஏரியைச் சுற்றிப் போகும் மாற்றுப்பாதையில் ஏற்ற இறக்கம் உண்டு.

இனி சாப்பாடு. கிராமத்துப் பிரான்ஸில் பசி நமக்குத் தோன்றும் நேரத்துக்கு வராது, அவர்கள் வைத்த நேரத்துக்கு வர வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கடை சாத்தினால் இரண்டரை, மூன்றுக்குத்தான் திறக்கும். உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை, இரவுச் சாப்பாடு ஏழுக்கு முன் கிடைப்பது அரிது. ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்கள் முழுவதுமாகப் பூட்டிக் கிடக்கும். மே மாதத்தில் 1-ஆம் தேதி, 8-ஆம் தேதி, விண்ணேற்றத் திருநாள் எனப் பொது விடுமுறைகள் வரிசையாக வரும். ஞாயிறு காலையிலேயே இரண்டு வேளைக்கான ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். சைவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காஸ்தெல்நொதாரியின் புகழ்பெற்ற கசூலே பார்க்க வெள்ளைப் பயறுக் குழம்புபோல இருக்கும். உள்ளே வாத்தும் பன்றி இறைச்சியும். பிரித்தானியின் பக்வீட் மாவுத் தோசையான கலெத்தில் ‘கொம்ப்ளேத்’ என்று கேட்டால் பன்றித் தொடை இறைச்சி வரும். முட்டையும் சீஸும் மட்டும் போடச் சொல்லலாம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஷூர்’ சொல்லிவிட்டுப் பிறகு எதையும் கேளுங்கள். வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பதை அங்கே உண்மையிலேயே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

குடிதண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம் நல்ல இடம், பெரும்பாலும் உள்ளே ஒரு குழாய் இருக்கும். ‘நோன் போத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. கால்வாய்த் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

வெயிலில் வாடிப்போய் லுவாரில் இறங்கிக் குளிக்க ஆசை வரும். தயவுசெய்து இறங்காதீர்கள். முழங்கால் ஆழம் போலத் தெரியும் மணல்திட்டு காலடியில் சரியும், பக்கத்திலேயே சுழல் இருக்கும். ஒவ்வொரு கோடையிலும் ஆபத்து நேரும் ஆறு அது. கால்வாய்களிலும் குளிக்கத் தடை உண்டு. நீர்ப்பூட்டின் ஓரச்சுவரில் உட்கார்ந்து படம் எடுப்பதும் வேண்டாம். பழைய பாலங்களுக்கு அடியில் பாதை ஒடுங்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

சாலை விதிகளும் உண்டு. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு அங்கே வலப்பக்கம் என்பது கரைப்பாதையில் மறந்துபோகும், ஊருக்குள் திரும்பும் முதல் வளைவில் தவறு செய்வோம். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஊருக்கு வெளியே இரவிலும் மூடுபனியிலும் ஒளிர்மேற்சட்டை கட்டாயம். காதில் இயர்போன் மாட்டி ஓட்டுவது 2015 முதல் குற்றம், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2017 முதல் ஹெல்மெட் கட்டாயம்.

தங்குமிடத்தில் ‘அக்கேய் வெலோ’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் இருக்கும். ஊராட்சி நடத்தும் கூடார முகாம்கள் மலிவு. ஆனால் பல செப்டம்பரோடு மூடிவிடும்.

கடைசியாக ரயில். வட்டார ரயில்களில் பொதுவாகச் சைக்கிள் ஏற்றலாம் என்பதால் எல்லா ரயிலிலும் ஏற்றலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதிவேக டிஜிவியிலும் நெடுந்தூர ரயிலிலும் சைக்கிளுக்குத் தனியாகக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு வண்டியில் சில இடங்களே இருக்கும். சில வட்டாரங்களில் கோடையில் வட்டார ரயிலுக்கும் முன்பதிவு உண்டு. லுவார் தடத்தில் ஆர்லியானுக்கும் நாந்துக்கும் இடையே கோடையில் சைக்கிள்களுக்குக் கூடுதல் இடம் உள்ள ரயில்கள் ஓடும், அவையும் நிரம்பிவிடும். திரும்பும் ரயிலில் சைக்கிளுக்கு இடம் உறுதியான பிறகே கடைசி இரண்டு நாள்களின் விடுதியைப் பதிவு செய்யுங்கள்.