புறம்போக்கு இடத்தை பசுமையாக்க இறங்குறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

சேலத்துல குப்பை மேடாகிப்போன ஏரிக்கரையோ சும்மா கிடக்குற புறம்போக்கோ பாத்தா, நாலு பேர் சேர்ந்து சரி பண்ணிடலாம்னு தோணும், தோணணும். கன்னங்குறிச்சி மூக்கனேரியே 2010-ல பொதுமக்கள் கை வச்சு மீட்டதுதான், தூர்வாரின மண்ணையே உள்ள திட்டு திட்டா போட்டு மரம் வச்சாங்க, இன்னிக்கு அங்க பறவைங்க தங்குது.

ஆனா மொத நாளே ஜேசிபிய கூப்பிடாதீங்க. விஏஓ கிட்ட போய் இடம் யார் பேர்ல இருக்கு, எல்லை எதுவரைன்னு பாத்து, எழுத்துல அனுமதி வாங்கிட்டு இறங்குங்க. சீமைக்கருவேலத்த வெறுமனே வெட்டினா திரும்ப தழைச்சுடும், வேரோட எடுக்கணும், அது சரிதான், ஆனா கரை முழுக்க ஒரே நாள்ல பிடுங்கினா அடுத்த மழைக்கு கரை மண்ணு மொத்தமும் ஏரிக்குள்ள போயிடும். கொக்கு, நாரை கூடு இருக்கான்னு பாத்து பகுதி பகுதியா எடுங்க.

மாசி, பங்குனில செடி நடுறது வீண். ஆடி, ஆவணி மழையில புங்கன், நாவல், தண்ணி ஓரமா மருதம்னு வைங்க, ரெண்டு கோடைக்கு தண்ணி ஊத்த ஆள் இருக்கான்னு பாத்துட்டு எண்ணிக்கைய முடிவு பண்ணுங்க.

எனக்கு ரொம்ப வலிக்கிறது பாதை விஷயம்தான். எல்லாம் முடிஞ்சப்புறம் "மாற்றுத்திறனாளிங்களுக்கு ஒரு ராம்ப் போட்டுடலாம்"னு கரை மேல செங்குத்தா சிமெண்ட்ட பூசி விட்டுடுறாங்க, அதுல வீல்சேர தள்ளவும் முடியாது, பிடிச்சு இறக்கவும் முடியாது. ஒரு அடி ஏத்தத்துக்கு 12 அடி நீளமாவது சாய்வு வேணும், கரை 5 அடி உசரம்னா 60 அடி, நடுவுல நின்னு மூச்சு விட சமதளம் வேற. இதுக்கு இடம் மொதல்லயே ஒதுக்கணும், மரம் வச்சப்புறம் எங்க போவீங்க? ஏற்காடு மாதிரி சரிவுல இன்னும் யோசிக்கணும்.

அப்புறம் பைக் நுழையக்கூடாதுன்னு வாசல்ல வளைச்சு வளைச்சு கம்பி வைக்கிறாங்களே, அதுல வீல்சேரும் நுழையாது, வாக்கர் பிடிச்சு வர்ற தாத்தாவும் நுழைய மாட்டார். அதுக்கு பதிலா தூணுக்கும் தூணுக்கும் நடுவுல 3 அடி நேரா விட்டு கல்லுத்தூண் நடுங்க. டாய்லெட் கட்டினா கதவு வெளிப்பக்கமா திறக்கணும், உள்பக்கம் திறந்தா வீல்சேர் போனப்புறம் கதவ சாத்தவே முடியாது.