டிலே பாக்ஸ் செட் பண்ணுவது எப்படி?

அமெரிக்க பிராக்கெட் ரேஸில் (ஓட்ட நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓடும் நேர்க்கோட்டுக் கார் பந்தயம்) 'கிறிஸ்துமஸ் ட்ரீ' எனும் ஸ்டார்ட் விளக்குக் கம்பத்தின் மூன்று மஞ்சள் விளக்குகளும் 0.5 விநாடி இடைவெளியில் எரியும், இன்னொரு 0.5 கழித்துப் பச்சை. டிலே பாக்ஸ், அதாவது வண்டி கிளம்புவதைத் தாமதிக்கும் மின்னணுப் பெட்டி, இருந்தால் கடைசி மஞ்சளுக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் மஞ்சள் மினுக்கியதுமே டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸைப் பூட்டி வண்டியைப் பிடித்து நிறுத்துவது) பட்டனை விட்டுவிடுங்கள், மீதி நேரத்தைப் பெட்டி எண்ணிக்கொண்டு அப்புறம்தான் வண்டியை விடும்.

முதலில் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். டைம் ஸ்லிப்பில் (ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டு) ரியாக்‌ஷன் 0.040 (பச்சைக்குப் பின் 0.040 விநாடி தாமதம்) என்று வந்தால் பெட்டியில் 0.030 குறையுங்கள், அடுத்தது 0.010 பக்கம் வரும். மைனஸ் வந்தால் சிவப்பு விளக்கு, ஆட்டம் காலி. ஆனால் ஒரே ஓட்டத்தை நம்பி எண்ணை மாற்றாதீர்கள், நாலைந்து ஸ்லிப்பை வரிசையாக வைத்துப் பாருங்கள்: எண்கள் சிதறிக் கிடந்தால் கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இல்லை, உங்கள் கட்டைவிரலில். லாஞ்ச் ஆர்பிஎம்மையோ (கிளம்பும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) முன் டயர் காற்றையோ மாற்றினால் பழைய கணக்கு உதவாது.

'சூப்பர் ப்ரோ' வகுப்பில் பாக்ஸ் சரி. 'நோ பாக்ஸ்' வகுப்பில் கழற்றி வைக்கவேண்டியதுதான்.