கைக்குழந்தையோடு வெளிநாடு: பால் பவுடர் வாங்குவதும் கலக்குவதும்

புதுச்சேரியில் பாரிசில் சொந்தக்காரர் இருக்கும் வீடுகள் நிறைய. கடலூர்ப் பக்கம் வந்தால் சிங்கப்பூர், துபாய். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவது நம் ஊரில் புதிதில்லை. ஆனால் போய் இறங்கியதும் பாலுக்கு என்ன செய்வது என்று பலருக்கும் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை.

என் மகளுக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது நாத்தனார் வீட்டுக்குப் பாரிஸ் போனோம். பால் டின்னைப் பெரிய பெட்டியில் வைத்திருந்தேன். நாங்கள் இறங்கினோம், பெட்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை. கைப்பையில் மூன்று வேளைக்கு மட்டும் பவுடர். அன்று இரவு பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் கொடுப்பவர்கள் பயணத்துக்காகப் பவுடருக்கு மாற வேண்டாம். அதைவிடச் சுலபமான பயண உணவு குழந்தைக்கு வேறு இல்லை. ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கானது இந்தப் பதிவு.

படி 1: வீட்டில் இருக்கும் டின்னைப் படியுங்கள்

டின்னை நாலு பக்கமும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 என்று இருந்தால் பிறந்ததிலிருந்து 6 மாதம் வரை, 2 என்றால் 6 மாதத்துக்கு மேல். நம் ஊர் பிராண்ட் அங்கே கிடைக்காமல் போகலாம். சாதாரணப் பசும்பால் பவுடர் என்றால் அதற்காகக் கவலை வேண்டாம். அதே வயதுக்கான வேறு பிராண்ட் கொடுக்கலாம். மலத்தின் நிறமும் வாடையும் இரண்டு நாள் மாறக்கூடும், அவ்வளவுதான். லாக்டோஸ் இல்லாதது, சோயா, ஒவ்வாமைக்கானது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பவுடராக இருந்தால் கதை வேறு. அதை நீங்களாக மாற்றக் கூடாது. முழுப் பயணத்துக்கும் தேவையானதை இங்கிருந்தே கொண்டுபோங்கள், டாக்டர் சீட்டோடு.

படி 2: வேளைக் கணக்கு

எல்லாரும் விமான நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். நமக்குப் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை விமான நிலையம் போக மூன்றரை, நான்கு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம். துபாய் வரை நான்கு, அங்கே காத்திருப்பு மூன்று, பாரிசுக்கு ஏழு, வெளியே வந்து வீடு சேர இரண்டு. 23 மணி நேரம் ஆகிவிட்டது. நான்கு மணிக்கு ஒரு வேளை என்றால் ஆறு வேளை. அதை இரண்டால் பெருக்கிப் பன்னிரண்டு வேளைக்கு எடுங்கள். எல்லாம் கைப்பையில். பெட்டியில் போடுவது கூடுதல் டின்னாக மட்டுமே இருக்கட்டும்.

ஒவ்வொரு வேளைக்கும் பவுடரை அளந்து, காய்ந்த சின்ன டப்பாக்களில் போட்டு மூடிவிடுங்கள். ஆடும் விமானத்தில் ஒரு கையில் குழந்தையோடு ஸ்பூனை எண்ண முடியாது. நாலா, அஞ்சா என்று சந்தேகம் வந்தால் கலந்ததைக் கொட்ட வேண்டியதுதான்.

படி 3: சோதனையும் சுங்கமும்

100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் குழந்தையின் பாலுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்படித்தான். பையை வைக்கும்போதே "குழந்தைக்கான பால்" என்று சொல்லி, தனியாக எடுத்து வையுங்கள். திறந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஃப்ளாஸ்கைக் காலியாகக் கொண்டுபோய், சோதனை முடிந்ததும் உள்ளே காபிக் கடையில் கொதிநீர் வாங்கி நிரப்பிக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் குழந்தைக்கான பால் பவுடர் ஆளுக்கு 2 கிலோ வரை கொண்டுபோகலாம். டின் பிரிக்காததாகவோ, இப்போது பயன்படுத்திக்கொண்டிருப்பதாகவோ இருக்க வேண்டும். மற்ற பால் பொருட்களுக்கு அனுமதி இல்லை. மாமியார் ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் பால்கோவாவையும் நெய்யையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

படி 4: விமானத்தில் கலக்குவது

பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் இல்லை. குரோனோபேக்டர் என்ற கிருமி அரிதாக அதில் இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெதுவெதுப்பான தண்ணீர் போதாது. கொதிக்கக் கொதிக்க நிரப்பிய நல்ல ஃப்ளாஸ்க் அந்தச் சூட்டைச் சில மணி நேரம் தாங்கும். கலந்த பிறகு மூடிய புட்டியை ஐஸ் போட்ட டம்ளரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவே கூடாது. கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குடித்தது போக மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குடிக்க வைத்தால் காதடைப்பும் குறையும்.

படி 5: கடையில் தேடுவது

பிரான்சில் பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்துக்கடை. பால் பவுடர் அங்கேயும் கிடைக்கும், பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை மூடிவிடும். மூடிய மருந்துக்கடைக் கதவிலேயே அன்று முறைப்படி திறந்திருக்கும் கடையின் விலாசம் ஒட்டியிருக்கும். அதைத் தேடித்தான் அன்று இரவு நாத்தனார் வீட்டுக்காரர் ஓடினார்.

ஓடிப்போய் வாங்கி வந்த டின் வயதுக்குச் சரியானதுதான். ஆனால் மூலையில் 'ஆ எர்' (AR) என்று இரண்டு எழுத்து. குழந்தை கக்காமல் இருக்கக் கெட்டியாக்கிய பால் அது. கலந்ததும் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. நிப்பிள் ஓட்டையில் சொட்டுகூட இறங்கவில்லை. மகள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதாள். திரும்ப ஓடி வேறு டின் வாங்கினோம்.

எனவே முதல் ஆறு மாதத்துக்கு 'லே புர்மியே ஆஜ்', ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு 'தூஸியேம் ஆஜ்' என்று கேளுங்கள். 'குருவாசான்ஸ்' என்றால் ஒரு வயதுக்கு மேல், அதைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வேறு எழுத்து ஏதாவது டின்னில் இருந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேட்காமல் வாங்க வேண்டாம். சிங்கப்பூரில் 1, 2, 3 என்று நம் ஊர் போலவே எண் இருக்கும், சிரமம் இல்லை.

படி 6: ஸ்பூன்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஒரு டின்னின் ஸ்பூன் அந்த டின்னுக்கு மட்டும்தான்.

நம் ஊரிலும் பிரான்சிலும் பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன். 150 மில்லிக்கு ஐந்து. அமெரிக்க டின்களில் பெரும்பாலும் 60 மில்லிக்கு ஒரு ஸ்பூன், ஸ்பூனே பெரியது. பழைய பழக்கத்தில் அதிலும் 30 மில்லிக்கு ஒன்று போட்டால் பால் இரண்டு மடங்கு கெட்டியாகிவிடும். குழந்தையின் சிறுநீரகம் அதைத் தாங்காது, உடம்பில் நீர் வற்றும். மாற்றிச் செய்தால் பால் நீர்த்துப்போய் குழந்தைக்குச் சத்து போதாது. ஜப்பானில் இன்னொரு முறை. 20 மில்லிக்கு ஒரு ஸ்பூன், அதுவும் பவுடரை முதலில் போட்டு, கலந்து முடிந்த பால் அந்த அளவுக்கு வரும்படி தண்ணீரை நிரப்ப வேண்டும். நாம் தண்ணீரை முதலில் அளந்து ஊற்றிவிட்டு அப்புறம்தான் பவுடர் போடுகிறோம்.

ஸ்பூனில் எடுத்த பவுடரைக் கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். குவித்தும் எடுக்காதீர்கள், அழுத்தியும் நிரப்பாதீர்கள். பழைய ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புது டின்னின் அளவை ஒரு சீட்டில் தமிழில் எழுதி மூடிமேல் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு மாமியார் எழுந்து கலந்தாலும் தவறு வராது.

படி 7: தண்ணீரும் கழுவலும்

பாட்டில் தண்ணீர்தான் சுத்தம் என்று நினைத்து எதையாவது வாங்கிவிடாதீர்கள். தாது உப்பு அதிகமுள்ள தண்ணீர் குழந்தைக்கு ஆகாது. லிட்டருக்குச் சோடியம் 200 மில்லிகிராமுக்கும் சல்ஃபேட் 250 மில்லிகிராமுக்கும் கீழே இருக்க வேண்டும். பிரான்சில் எவியான், வோல்விக் போன்றவற்றில் குழந்தை உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருப்பார்கள். பாட்டில் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் கலக்க வேண்டும். கெட்டிலில் கொதித்த பின் அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட்டால் சூடு சரியாக இருக்கும். இங்கிருந்து கெட்டில் கொண்டுபோகிறீர்களா? பிரான்சில் மின்னழுத்தம் நம்மைப் போலத்தான், பிளக் மட்டும் வேறு. அமெரிக்காவில் 120 வோல்ட், நம் கெட்டில் அங்கே கொதிக்க வெகு நேரம் ஆகும்.

வீட்டில் இட்லிப் பானையில் ஆவி காட்டுகிறோம். ஹோட்டல் அறையில் அது முடியாது. பச்சைத் தண்ணீரில் கரைக்கும் கிருமிநீக்கி மாத்திரை ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அதில் முக்க வேண்டும்.

அப்புறம், ஒரு பாலாடையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நிப்பிள் கிழிந்தாலும் தொலைந்தாலும் பாலாடை கைகொடுக்கும், கழுவுவதும் எளிது. அன்று அந்தக் கெட்டிப் பாலோடு போராடி முடித்து, இரண்டாவது டின்னைக் கலந்தபோது மகள் புட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் அம்மா கிளம்பும்போது கையில் திணித்த வெள்ளிப் பாலாடையில்தான் அந்த வேளைப் பாலை ஊட்டினேன். குடித்து முடித்துத் தோளிலேயே தூங்கிப்போனாள்.