சொத்து வரி உயர்வுக்கு ஆட்சேபனை எழுதுவது எப்படி?

சொத்து வரி உயர்வைப் பற்றி வீட்டு உரிமையாளர்கள் சொல்லும் குறைகள் இரண்டு வகைப்படும். 'இவ்வளவு சதவீதம் உயர்த்தியது நியாயமில்லை' என்பது ஒன்று. 'என் வீட்டுக்குப் போட்ட கணக்கே தவறு' என்பது மற்றொன்று. முதலாவது மாநகராட்சி அல்லது நகராட்சி மன்றத்துக்கும் அரசுக்கும் சொல்லவேண்டிய கருத்து; இரண்டாவது அந்த மாநகராட்சி அல்லது நகராட்சியின் வருவாய்ப் பிரிவு அலுவலரிடம் கொடுக்கவேண்டிய மனு. இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதுவதுதான் பெரும்பாலான மனுக்கள் பயனற்றுப் போவதற்குக் காரணம் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உயர்வையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் 1998-க்குப் பிறகும், பிற நகரங்களில் 2008-க்குப் பிறகும் வரி பொதுவாகத் திருத்தப்படவில்லை என்று அரசு காரணம் சொன்னது. மத்திய நிதி ஆணையத்தின் மானியத்தைப் பெறுவதற்கான நிபந்தனையும் அதனுடன் சேர்ந்துகொண்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 50 சதவீதமும், 1,200 வரை 75 சதவீதமும், 1,800 வரை 100 சதவீதமும், அதற்கு மேல் 150 சதவீதமும் உயர்ந்தன. 2011-இல் சென்னையோடு இணைக்கப்பட்ட பகுதிகளுக்கும் பிற நகரங்களுக்கும் இதே படிகளில் 25, 50, 75, 100 சதவீதம் என்று நிர்ணயிக்கப்பட்டது.

இந்தப் படிகளைக் கவனித்தால் கணக்கைச் சரிபார்ப்பது ஏன் முதல் வேலை என்பது விளங்கும். பழைய பகுதியில் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த வீடு 1,190 சதுர அடியாகப் பதிவாகியிருந்தால் வரி 1,750 ரூபாய். அதே வீடு 1,210 என்று பதிவாகியிருந்தால் 2,000 ரூபாய். இருபது அடி வேறுபாடு அரையாண்டுக்கு 250 ரூபாயை விழுங்கிவிடும். பிற்பாடு வரும் ஒவ்வொரு சதவீத உயர்வும், 2024 அக்டோபரில் சென்னையில் நடைமுறைக்கு வந்த 6 சதவீதத்தைப் போல, இந்தத் தவறான தொகையின் மீதே ஏறும்.

ஆகவே, முதலில் வரி ரசீதில் உள்ள மதிப்பீட்டு எண்ணை வைத்து, உங்கள் வீடு எத்தனை சதுர அடியாக, எந்தப் பயன்பாட்டில், சொந்தக் குடியிருப்பாகவா வாடகைக் குடியிருப்பாகவா பதிவாகியிருக்கிறது என்பதைக் கேட்டறியுங்கள். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து மதிப்பீட்டுப் பதிவின் நகலைப் பெறலாம். 30 நாள்களுக்குள் பதில் தரவேண்டும். அந்த அளவைக் கட்டட அனுமதி வரைபடத்தோடும் கிரயப் பத்திரத்தோடும் ஒப்பிடுங்கள். அடுக்குமாடி வீடானால் கூடுதல் கவனம் தேவை: விற்பனையாளர் சொல்லும் பரப்பில் படிக்கட்டு, மின்தூக்கி, நடைபாதை ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். பதிவில் எந்தப் பரப்பு ஏறியிருக்கிறது, எந்த அடிப்படையில் ஏறியது என்று எழுத்திலேயே விளக்கம் கேளுங்கள். கடையாக இருந்து மீண்டும் வீடாக மாறிய முன்னறை இன்னும் வணிகப் பயன்பாட்டில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இனி மனு. வரி யார் பெயரில் இருக்கிறதோ அவரே கையெழுத்திட வேண்டும். காலமான தந்தையின் பெயரிலேயே வரி வந்துகொண்டிருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "எனது வீட்டின் பரப்பு பதிவேட்டில் 1,210 சதுர அடி என உள்ளது, இணைத்துள்ள அனுமதி வரைபடத்தின்படி அது 1,190 சதுர அடி, நேரில் அளந்து திருத்தியமைக்கக் கோருகிறேன்" என்ற அளவில் எழுதினால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். இல்லையேல் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வரி உயர்வு பற்றி உங்களுக்கு வந்த அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள கெடு கடந்துவிட்டால், எவ்வளவு நியாயமான மனுவும் தள்ளுபடியாகலாம்.

கொள்கை பற்றிய கருத்துக்குக் காலம் வேறு. மன்றம் தீர்மானத்தை இறுதியாக்குவதற்கு முன் பொதுமக்களின் ஆட்சேபனை கேட்கப்படும்; அறிவிப்பு நாளிதழில் சிறு எழுத்தில் வெளிவந்து போய்விடும் என்பதால், வார்டு உறுப்பினரிடம் விசாரித்துக்கொண்டே இருப்பது நல்லது. இங்கே 'விலைவாசி ஏறிவிட்டது' என்ற பொதுப் புலம்பலுக்கு மதிப்பில்லை. பரப்பை மட்டும் வைத்து நிர்ணயிக்கும் உயர்வு சதவீதம், பெரிய பழைய வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கும் அதே அளவு வீட்டை வாடகைக்கு விடுபவருக்கும் ஒன்றாகவே இருக்கிறது என்பது வாதிடத் தக்க காரணம். உயர்வைச் சில ஆண்டுகளுக்குப் பகிர்ந்து ஏற்றுங்கள் என்பது மன்றம் ஏற்கக்கூடிய கோரிக்கை. இணைக்கப்பட்ட பகுதியினர் வசதிக்குறைவைச் சொல்லும்போது ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: சென்னையில் மழைநீர் வடிகாலும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு, குடிநீரும் பாதாளச் சாக்கடையும் தனியாக வரி வாங்கும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சாக்கடை இணைப்பு இல்லை என்று மாநகராட்சிக்கு எழுதினால், அது தங்களுக்குரிய பொருள் அல்ல என்ற பதிலே வரும்.

மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வரியை நிறுத்திவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், செலுத்துவோருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் அது போவதோடு வட்டியும் சேரும். 'ஆட்சேபனைக்கு உட்பட்டுச் செலுத்தப்படுகிறது' என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டிவிடுங்கள். 2018-இல் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டபோது, கூடுதலாகக் கட்டியவர்களின் தொகை அடுத்த அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்றே அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு சூழல் மீண்டும் வந்தால் ஈடு கேட்பதற்கு, கட்டிய ரசீதுகள் வரிசை விடுபடாமல் உங்கள் கையில் இருக்கவேண்டும்.